எந்த உறுப்பு, எந்த நொடி

கல்லீரலில் உண்டாகும் ஒரு வகைப் புற்றுக்கட்டி, கை ரத்தக்குழாயில் படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏறத் தொடங்கிய 35-ஆவது நொடி வாக்கில் சி.டி. ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். 70-ஆவது நொடியில் அதே கட்டி சுற்றியுள்ள கல்லீரலோடு கலந்து அடையாளமே இல்லாமல் போய்விடலாம். மூன்று நான்கு நிமிடம் பொறுத்து மறுபடி எடுத்தால் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து நிற்கும். ஆள் அதே ஆள், இயந்திரம் அதே இயந்திரம், அவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. 70-ஆவது நொடியில் மட்டும் படம் எடுக்கப்பட்டிருந்தால், கல்லீரலில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும் வாய்ப்பு உண்டு.

‘ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துடலாம்’ என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் சி.டி. என்ற பெயரில் நடப்பது ஒரே பரிசோதனை இல்லை. தலைக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, சிறுநீரகக் கல்லுக்கு ஒன்று, இதயத்துக்கு வேறொன்று. எங்கிருந்து எதுவரை எடுப்பது, எவ்வளவு கதிர் செலுத்துவது, மருந்து ஏற்றுவதா வேண்டாமா, ஏற்றினால் எத்தனை நொடி காத்திருப்பது, மூச்சை உள்ளே நிறுத்துவதா வெளியே விட்டு நிறுத்துவதா, கிடைத்ததை எந்த வடிகட்டியில் படமாக்குவது எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டு, உறுப்பு வாரியாக இயந்திரத்தின் கணினியில் பதிந்து கிடக்கும். இதைத்தான் புரோட்டோகால் என்கிறார்கள். சுழலும் அந்தப் பெரிய வளையத்தைப் பார்த்து வியக்கிறோம். எனக்கு அதைவிட வியப்பாகத் தெரிவது இந்தப் பட்டியல்தான். மனித உடம்பைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டது அத்தனையும் அதில் நொடிக் கணக்காகவும் எண்களாகவும் சுருங்கிக் கிடக்கிறது.

வல்லக்கோட்டை வழியாகச் செல்லும் ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள் கோயில் சாலையை எடுத்துக்கொள்வோம். கிருத்திகை நாளில் ஏழடி உயர முருகனைப் பார்க்க வரும் கூட்டம். மற்ற நாளெல்லாம் ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களைச் சுமந்துபோகும் நீள டிரெய்லர்கள். இவற்றுக்கு நடுவே இரவு ஷிஃப்ட் முடித்து அரைத் தூக்கத்தில் பைக்கில் திரும்பும் இளைஞர்கள். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் பதிவான சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கை அதுதான். அப்படி ஒரு விடியற்காலையில் லாரியின் பின்புறம் மோதி ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 108 ஆம்புலன்ஸ் வருகிறது, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள தனியார் மருத்துவமனைக்கோ கொண்டுபோகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர் பேசுகிறார், பெயர் சொல்கிறார், ‘எனக்கு ஒண்ணுமில்லை சார்’ என்கிறார். காதோரம் ரத்தம் கசிகிறது, ஒருமுறை வாந்தி எடுத்திருக்கிறார். டாக்டர் சீட்டில் எழுதுவது: பிளெயின் சி.டி. பிரெய்ன்.

‘பிளெயின்’ என்றால் மருந்து ஏற்றாமல். தலைக்காயத்தில் இதுதான் முதல் விதி. காரணம் எளிமையானது. குழாயிலிருந்து வெளியே வந்து உறைந்த புது ரத்தம் சி.டி.யில் தானாகவே வெளுத்துத் தெரியும். ஏற்றும் மருந்தும் வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டையும் கலந்துவிட்டால் எது கசிவு, எது ரத்தக்குழாய் என்று தடுமாற வேண்டியிருக்கும்.

எவ்வளவு வெள்ளை? சி.டி. உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு –1000. கொழுப்பு –100 அளவில் இருக்கும். கெட்டி எலும்பு 1000-ஐத் தாண்டும். சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோல் இது. இதில் மூளையின் வெண்பகுதி 25 முதல் 30, சாம்பல் பகுதி 35 முதல் 40, உறைந்த புது ரத்தம் 50 முதல் 70. அதாவது ஓர் இளைஞரின் உயிர், இரண்டாயிரத்துக்கும் மேல் நீளும் அளவுகோலில் இருபது எண்கள் வித்தியாசத்துக்குள் இருக்கிறது. மொத்த அளவுகோலையும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரே திரையில் பரப்பினால் மூளை முழுதும் ஒரே சாம்பல் திட்டாகத்தான் தெரியும். அந்த நுண்ணிய வித்தியாசத்தைப் பிரித்தறிய மனிதக் கண்ணால் ஆகாது. ஆகவே 0-க்குக் கீழே எல்லாம் கறுப்பு, 80-க்கு மேலே எல்லாம் வெள்ளை என்று வைத்து, நடுவிலுள்ள 80 எண்களுக்கு மட்டும் சாம்பல் நிறங்களைப் பங்கிடுகிறார்கள். இதற்கு ‘விண்டோ’ என்று பெயர். விண்டோவை மாற்றுவதற்கு இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. எண்கள் கணினியில் இருக்கின்றன, பார்க்கும் விதம்தான் மாறுகிறது.

இதிலும் ஒரு பொறி உண்டு. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி மெல்லிய படலமாகப் பரவிய ரத்தம், அந்த 80 எண் விண்டோவில் எலும்பின் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே விண்டோவைச் சற்று அகலமாக்கி இன்னொருமுறை பார்ப்பார்கள். எலும்பு முறிவுக்கு இன்னும் அகலமாக, 2000-க்கும் மேலான எண்களுக்கு விரித்து மூன்றாம் முறை. நம் இளைஞருக்குக் காதுக்கு மேலே பொட்டெலும்பில் ஒரு விரிசல் இருக்கிறது. அதன் உட்புறத்தில், வெளிப்பக்கம் எலும்பை ஒட்டியும் உள்பக்கம் மூளையை நோக்கிப் புடைத்தும் ஒரு வெள்ளைத் திட்டு. மண்டையோட்டுக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்வுக்கும் இடையே, கிழிந்த ஒரு தமனியிலிருந்து ரத்தம் சேர்கிறது. அந்தச் சவ்வு எலும்பு மூட்டுகளில் இறுகப் பிடித்திருப்பதால் ரத்தம் பரவ முடியாமல் குவிகிறது. அதனால்தான் அந்தப் புடைத்த வடிவம். சவ்வுக்கு உட்புறம் கசிந்திருந்தால் பிறை வடிவத்தில் பரவியிருக்கும். வடிவத்தை வைத்தே எந்த அடுக்கில் ரத்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் வகையில் நோயாளி சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று நினைவிழக்கக்கூடும். ‘எனக்கு ஒண்ணுமில்லை சார்’ என்ற சொல்லை டாக்டர்கள் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எக்ஸ்ரே தருவது நிழல். நெஞ்செலும்பு, இதயம், முதுகெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஒரே நிழல். ஒரு கதிர் உடம்பைக் கடந்து வெளியே வரும்போது வழியில் மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும்தான் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரியாது. கூட்டுத்தொகை இருக்கிறது, உறுப்புகளின் மதிப்பு இல்லை.

நான்கே கட்டங்கள் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 7, கீழ் வரிசை 5. இடப்பக்கப் பத்தி 4, வலப்பக்கப் பத்தி 8. உள்ளே என்ன எண்கள்? மேலே 3, 4. கீழே 1, 4 என்று வைத்தால் பொருந்துகிறது. மேலே 2, 5. கீழே 2, 3 என்று வைத்தாலும் பொருந்துகிறது. நேராகவும் குறுக்காகவும் பார்த்தது போதவில்லை. மூலைவாட்டாக, மேல் இடது கட்டத்திலிருந்து கீழ் வலது கட்டத்துக்கு ஒரு கதிர் போய் 7 என்று சொன்னால், முதல் விடைதான் சரி என்று தீர்ந்துவிடுகிறது. இன்னொரு கோணம் கிடைத்தது, புதிர் அவிழ்ந்தது. சி.டி. வளையம் உங்களைச் சுற்றிச் சுழல்வது இதற்காகத்தான். படத்தில் நான்கு கட்டங்களுக்குப் பதில் 512 வரிசை, 512 பத்தி, மொத்தம் 2,62,144 கட்டங்கள். அவற்றுக்காக ஒரு சுற்றிலேயே ஆயிரம் கோணம் அளவுக்கு நிழல் எடுக்கப்படுகிறது.

எல்லாக் கோணங்களிலும் கூட்டுத்தொகை தெரிந்தால் உள்ளே இருப்பதை முழுதாக மீட்டுவிடலாம் என்று ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடான் 1917-லேயே நிரூபித்துவிட்டார். அதை மருத்துவத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக், ராடானை அறியாமலேயே 1963-64-இல் தன் வழியில் விடை கண்டு வெளியிட்டார். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியையே செய்து முடித்தார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் மூளைக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டது. படத்தில் 80-க்கு 80 கட்டங்கள்தான். கட்டி தெரிந்தது. 1979-இல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

அந்த முதல் ஸ்கேனுக்கு முந்தைய மாதம், 1971 செப்டம்பரில், அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் என்றதும் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பும், புரத அமைப்பைச் சரிபார்க்க உலகமெங்கும் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடமும்தான் நினைவுக்கு வரும். 1952 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து, கிண்டி வளாகத்தில் அந்த வேலைகளைச் செய்தவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் எக்ஸ்ரே நிழல்களிலிருந்தும் ஒரு பொருளின் முப்பரிமாண வடிவத்தை எப்படி மீட்பது என்பதுதான் அந்தக் கட்டுரையின் கேள்வி.

அவர்கள் சொன்ன விடையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியிலேயே திருப்பிப் படத்தின் மேல் இழுத்துப் பூச வேண்டும். எல்லாக் கோணத்திலிருந்தும் பூசினால் அடர்த்தியான இடத்தில் பூச்சுகள் ஒன்றையொன்று வெட்டிக் குவியும், வடிவம் எழும். ஆனால் சுத்தமாக எழாது. ஒவ்வொரு பூச்சும் வழியெங்கும் கறையை விட்டுப்போவதால் ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான மூட்டம் இருக்கும். இதைச் சரிசெய்ய அதுவரை ஃபூரியே உருமாற்றம் என்ற கனமான கணக்கைச் செய்ய வேண்டியிருந்தது. அன்றைய கணினிகளுக்கு அது பெரும் சுமை. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அதைத் தவிர்த்தார்கள். பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு சிறிய எண் வரிசையால் சலித்துவிடுங்கள் என்றார்கள். நடுப்புள்ளிக்குக் கால், அதாவது 0.25. பக்கத்துப் புள்ளிக்கு –0.101. அதற்கு அடுத்ததற்குப் பூஜ்யம். மூன்றாவதற்கு –0.011. நான்காவதற்கு மறுபடி பூஜ்யம். ஒற்றைப்படை இடங்களில் எல்லாம் ஒரு குறை எண், இரட்டைப்படையில் பூஜ்யம். அந்தக் குறை எண்கள்தான் மற்ற பூச்சுகள் விட்டுப்போகும் கறையை அழிக்கின்றன. வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை மிஞ்சுகிறது.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எல்லா நிழலும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நிழல் வந்ததும் சலித்துப் பூசிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். வளையம் சுழன்றுகொண்டிருக்கும்போதே படம் உருவாகிக்கொண்டிருக்கும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி இந்த முறையில் இயங்கவில்லை. அது நான்கு கட்டப் புதிர்போல எண்களைத் திரும்பத் திரும்பத் திருத்தி விடைக்கு வந்தது. ரேடியோ வானியலில் ரொனால்டு பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இல் இதையொத்த வழியைத் தனியாகக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எழுபதுகளின் நடுவிலிருந்து உலகத்து ஸ்கேனர்கள் பெரும்பாலும் சலித்துப் பூசும் வழிக்கே வந்தன, பல பத்தாண்டுகள் அதிலேயே இருந்தன. அந்த எண் வரிசைக்கு இன்றும் ‘ராம்-லாக்’ வடிகட்டி என்றுதான் பெயர். டோக்கியோவிலும் பாஸ்டனிலும் இதைப் படிக்கும் மாணவர்கள் ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்ற இரண்டு பெயர்களின் முதல் அசைகளைத்தான் உச்சரிக்கிறார்கள். நம் பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

புரோட்டோகாலுக்கும் இந்த வடிகட்டிக்கும் நேரடி உறவு உண்டு. ராம்-லாக் மிகக் கூர்மையானது. விளிம்புகளைத் துல்லியமாகக் காட்டும், கூடவே படத்தின் இரைச்சலையும் பெரிதாக்கும். எலும்பிலும் நுரையீரலிலும் அடர்த்தி வித்தியாசம் நூற்றுக்கணக்கில் இருப்பதால் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் பாதகமில்லை, கூர்மைதான் முக்கியம். மூளையிலும் கல்லீரலிலும் இருபது எண் வித்தியாசத்தைத் தேடுகிறோம். அங்கே இரைச்சல் வந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே மழுங்கிய வடிகட்டி. நம் இளைஞரின் தலை ஒரே தடவைதான் ஸ்கேன் செய்யப்பட்டது. அந்த ஒரே தரவை மூளைக்கு மழுங்கிய வடிகட்டியிலும் எலும்புக்குக் கூர்மையான வடிகட்டியிலும் இருமுறை சலித்தார்கள். முதல் படத்தில் ரத்தம் தெரிந்தது, இரண்டாவதில் விரிசல் தெரிந்தது.

வார்ப்பட உற்பத்தித் தொழிலிலும் இதே கணிதம் வேறொரு வேலை பார்க்கிறது. அலுமினிய வார்ப்புக்குள் காற்றுக்குமிழ் இருக்கிறதா, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று உடைக்காமல் பார்க்கத் தொழில்துறை சி.டி. உண்டு. அங்கே கதிர்க்குழாய் நகராமல் நிற்க, உதிரிபாகம்தான் சுழல்மேடையில் சுற்றும். மருத்துவமனையில் 80 முதல் 140 கிலோவோல்ட் என்றால் இங்கே 225, 450 என்று போகும். ஒரு பாகத்தை மணிக்கணக்கில் சுற்றவிட்டு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய நுணுக்கத்தைப் பார்க்கலாம். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் கதிரால் கேடு இல்லை, மூச்சு இல்லை, துடிப்பும் இல்லை. உயிருள்ள உடம்புக்குப் புரோட்டோகால் ஏன் இவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டியிருக்கிறது என்பது இதை நினைத்தால் விளங்கும். உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, கதிரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

இனி அந்தக் கல்லீரல் புதிருக்கு வரலாம். மற்ற உறுப்புகளுக்குத் தமனி வழியாக ரத்தம் வரும். கல்லீரலுக்கு இரண்டு வழி. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தமனி வழியாக, மீதி முக்கால் பங்கு குடலைச் சுற்றி உணவுச் சத்தை வாங்கிக்கொண்டு போர்ட்டல் நாளம் வழியாக. கல்லீரல் செல்லில் தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தையே நம்பி வளரும். ஏற்றுகிற மருந்தில் அயோடின் இருக்கிறது. 53 எலெக்ட்ரான் கொண்ட கனமான அணு, எக்ஸ்ரேயை நன்றாக விழுங்கும். அது போகுமிடமெல்லாம் படத்தில் வெளுக்கும். 35-ஆவது நொடி வாக்கில் அயோடின் தமனிகளில் நிறைந்திருக்கும், போர்ட்டல் நாளத்தில் இன்னும் முழுதாக வந்திருக்காது. ஆகவே கட்டி மட்டும் ஒளிரும். 70-ஆவது நொடியில் குடலைச் சுற்றிவந்த ரத்தம் கல்லீரல் முழுதையும் நிறைக்கிறது, கட்டி அதில் கரைகிறது. பிறகு கட்டியிலிருந்து மருந்து வேகமாக வெளியேறிவிடும், கல்லீரலில் கொஞ்சம் தங்கும். முதலில் ஒளிர்ந்து பின்னர் கறுக்கும் இந்த நடத்தையை வைத்து, கல்லீரல் சுருக்கம் உள்ள நோயாளிகளில் ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே பல நேரம் நோயை உறுதி செய்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் 35 நொடிதானா? இல்லை. பலவீனமான இதயம் மருந்தை மெதுவாகத் தள்ளும். இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. கன்சோல் அறையில் டெக்னீஷியன் மகாதமனியின் குறுக்குவெட்டில் ஒரு சிறு வட்டம் போடுகிறார். முழங்கை மடிப்பில் செருகிய மெல்லிய குழாயான வென்ஃபிளான் வழியாக இயந்திர ஊசி நொடிக்கு மூன்று நான்கு மில்லிலிட்டர் வேகத்தில் மருந்தைத் தள்ளத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை மிகக் குறைந்த கதிரில் அந்த ஒரே இடத்தை மட்டும் இயந்திரம் எட்டிப் பார்க்கிறது. வட்டத்துக்குள் எண் 40, 42, 60, 95 என்று ஏறுகிறது. 100-ஐயோ 150-ஐயோ தொட்டதும் கணக்கு தொடங்குகிறது, சில நொடி கழித்துப் படுக்கை நகர்கிறது. அந்த ஆளின் இதயமே தன் ஸ்கேனுக்கான நேரத்தைக் குறித்துக் கொடுக்கிறது. உள்ளே படுத்திருப்பவருக்குத் தொண்டையில் ஒரு வெப்பம், வாயில் உலோகச் சுவை, பிறகு அடிவயிற்றில் சூடு பரவிச் சிறுநீர் போய்விட்டதுபோல ஓர் உணர்வு வரும். உண்மையில் போயிருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிற டெக்னீஷியனின் நோயாளிகள் திடுக்கிட்டு அசைவதில்லை, படமும் கெடுவதில்லை.

சிறுநீரகத்துக்கு வேறு கடிகாரம். 30, 40 நொடியில் வெளிப்பட்டை மட்டும் வெளுக்கும். ஒன்றரை நிமிடத்தில் உறுப்பு முழுதும் ஒரே சீராக நிறையும், சிறு கட்டிகள் அப்போதுதான் தனித்துத் தெரியும். பத்து நிமிடம் போல ஆனால் மருந்து சிறுநீரில் இறங்கி, சிறுநீர்க்குழாயும் பையும் வெள்ளையாகும். விபத்தில் அடிபட்டவரின் சிறுநீரகத்திலிருந்து கசிவு இருந்தால் இந்தக் கடைசிப் படம்தான் காட்டிக்கொடுக்கும். கல்லைத் தேடும்போது இவை எதுவும் வேண்டாம். கல்லே வெள்ளை. சூடான உலைக்கு அருகில் வியர்வை கொட்ட வேலை செய்துவிட்டுத் தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல் விலா வலியோடு வருகிறவருக்கு, மருந்தில்லாமல், கதிரைக் குறைத்து எடுக்கும் படமே போதும். கல் சிறுநீர்க்குழாயின் நுனியில் சிக்கியிருக்கிறதா, பைக்குள் விழுந்துவிட்டதா என்று ஐயம் வந்தால் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து அந்த இடத்தை மட்டும் இன்னொருமுறை எடுப்பார்கள். விழுந்த கல் உருண்டு முன்பக்கம் வந்துவிடும், சிக்கிய கல் அங்கேயே நிற்கும்.

நுரையீரலுக்குக் காலத்தைவிட மூச்சு முக்கியம். ‘மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க’ என்று குரல் வரும். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்வோர் ஏராளம். அவர்களுக்கு ‘சாங்ஸ் ரோக்கியே’ என்று இந்தியில் சொல்லத் தெரிந்திருப்பதும் புரோட்டோகாலின் ஒரு பகுதியாகத்தான் எனக்குப் படுகிறது. சொல் புரியாமல் மூச்சுவிட்டால் உதரவிதானம் அசைந்து, நுரையீரலின் அடிப்பகுதியில் சிறு முடிச்சுகள் இரட்டையாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். வார்ப்பு மணலிலும் மணல் பீய்ச்சும் வேலையிலும் சிலிக்கா தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரலில் தேடுவது, மேல்பகுதியில் பொடிப்பொடியாகப் படியும் அப்படிப்பட்ட முடிச்சுகளைத்தான். அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய வெட்டும் கூர்மையான வடிகட்டியும் வேண்டும், மருந்து தேவையில்லை. முதுகுப்புறம் தழும்பு இருப்பதாகத் தெரிந்தால் குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுப்பதுண்டு. மல்லாந்து படுக்கும்போது புவியீர்ப்பால் முதுகுப்பக்கம் இயல்பாகவே கொஞ்சம் அடர்ந்துவிடும். குப்புறப் படுத்தும் மறையாததுதான் உண்மையான தழும்பு. கொரோனா காலத்தில் ‘ஸ்கோர் எவ்வளவு’ என்று வீட்டுக்கு வீடு விசாரித்த 25 மதிப்பெண் கணக்கும் இப்படிப்பட்ட படத்திலிருந்து வந்ததுதான். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா ஐந்து.

இதயம் எல்லாவற்றிலும் கடினம். நிறுத்தச் சொல்ல முடியாது. துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி, அதில் இதயம் ஏறக்குறைய அசைவற்றிருப்பது விரிவடைந்து நிறையும் கட்டத்தின் நடுவே மிகச் சிறு இடைவெளி. துடிப்பு வேகமானால் முதலில் சுருங்கிப்போவது அந்த இடைவெளிதான். ஆகவே மாத்திரை கொடுத்துத் துடிப்பைத் தணிக்கிறார்கள், நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டுகிறார்கள், அந்த அமைதியான நேரத்துக்குள் கால் நொடி அளவில் சுழலும் வளையம் படத்தைப் பிடித்துவிடுகிறது. படமாக்க முழுச் சுற்றும் தேவையில்லை, அரைச் சுற்று நிழல்கள் போதும்.

கதிரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு ஆண்டுக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். தலை சி.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 2, வயிற்றுக்கு 8 அல்லது அதற்கு மேல். வயிற்றுக்கு மூன்று கட்டமாக எடுத்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தேவைப்படும் இடத்தில் இது பயப்பட வேண்டிய அளவு இல்லை, அந்த பைக் இளைஞருக்கு ஒரு கணமும் யோசிக்கக்கூடாது. ஆனால் ஒரே கட்டத்தில் விடை கிடைக்கும் கேள்விக்கு மூன்று கட்டம் எடுப்பது தவறு. வளரும் குழந்தையின் உடல் கதிரால் அதிகம் பாதிக்கப்படும் என்பதால், அதன் எடைக்கேற்பக் கதிரைக் குறைத்தே ஆக வேண்டும். பெரியவருக்கான அளவில் குழந்தையை எடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

இத்தனை முடிவுகளும் டாக்டர் எழுதும் ஒரு துண்டுச் சீட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு சீட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் ‘வயிற்று வலி, சி.டி. வயிறு’ என்று இருக்கிறது. இன்னொன்றில் ‘இரண்டு நாளாக வலது விலாவிலிருந்து தொடையிடுக்குக்கு இறங்கும் வலி, சிறுநீரில் ரத்தம், கல்லா?’ என்று இருக்கிறது. வந்தவர் ஒரே ஆளாக இருக்கலாம். முதல் சீட்டுக்கு ரேடியாலஜிஸ்ட் மருந்தேற்றி 70-ஆவது நொடியில் வயிறு முழுதும் எடுக்கத் தீர்மானிப்பார். சிறுநீரகச் செயல்பாட்டை அறியக் கிரியாட்டினின் பார்த்து, வென்ஃபிளான் போட்டு எடுக்கும் அந்தப் படத்தில், வெளுத்துப்போன சிறுநீரகத்துக்குள் இருக்கும் சிறு கல் கண்ணுக்குப் படாமல் போகலாம். இரண்டாவது சீட்டுக்கு மருந்து இல்லை, ஊசி இல்லை, கதிரும் குறைவு, ஒரே மூச்சில் முடிந்துவிடும். டாக்டரிடம் வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று சொன்னதை, டேபிளில் ஏறுவதற்கு முன் டெக்னீஷியனிடமும் ஒருமுறை சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, முன்பு மருந்து ஏற்றியபோது உடம்பில் தடிப்பு வந்ததா, கர்ப்பமாக இருக்கலாமா, சென்ற மாதம் எடுத்த பழைய ஸ்கேன் படம் வீட்டில் இருக்கிறதா என்பவற்றையும். பழைய படத்தோடு ஒப்பிட்டால் கல் நகர்ந்திருக்கிறதா என்று தெரியும், சில நேரம் இன்றைய ஸ்கேனே தேவைப்படாது.